காங்கயம் காளை என்கிற நான்

ஜூன் 3, திங்கள்

இது கள நாட்குறிப்பு. ஆய்வாளர் அன்றாடம் எழுத வேண்டும், வெள்ளிக்கிழமைதோறும் நெறியாளர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது துறை விதி. ஆகவே எழுத்து குண்டு குண்டாக இருக்கும், உண்மை முக்கால்வாசி இருக்கும்.

பெயர் மங்கையர்க்கரசி. வயது முப்பத்தெட்டு. கோயம்புத்தூரில் முனைவர் பட்ட ஆய்வு, மூன்றாம் ஆண்டு. தலைப்பு, இணையத் தீவிரவாதக் குழுக்களின் வன்முறை மொழி. அம்மா இதைப் பக்கத்து வீட்டில் "கம்ப்யூட்டர்ல என்னமோ தீவிரவாதம் பண்றாளாமா" என்று சொல்லி வைத்திருக்கிறாள். போன வாரம் முதல் அந்த வீட்டார் என்னைப் பார்த்தால் கதவைச் சாத்துகிறார்கள்.

நான் கவனிக்கும் குழுவின் பெயர் மண்காவல் சேனை. முந்நூற்றுப் பதினாறு பேர். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலத்துக்காரர்களை ஊரைவிட்டு விரட்டுவது கொள்கை. பல்கலைக்கழக அறநெறிக் குழுவின் அனுமதியோடு, காங்கயம் காளை என்ற ஆண் பெயரில் உள்ளே இருக்கிறேன். முகப்புப் படம், நல்ல திமிலோடு ஒரு காளை.

நிபந்தனை ஒன்றே ஒன்று. பார்க்கலாம், பதிவு செய்யலாம், பேசக் கூடாது. பேசினால் நான் சேர்த்த தரவு செல்லாது. மூன்று வருட உழைப்பும் பட்டமும் போச்சு.

ஜூன் 5, புதன்

இன்று சேனையில் வந்த செய்திகள் நூற்று எழுபத்திரண்டு. அதில் காலை வணக்கம் நூற்று ஒன்பது. பிறந்தநாள் வாழ்த்து பதினெட்டு. ஒருவர் செகண்ட் ஹேண்ட் மிக்சி விற்கிறார். புரட்சிக்கு நேரம் ஒதுக்குவது சிரமம்தான்.

ஜூன் 7, வெள்ளி

ஒவ்வொரு செய்திக்கும் சுழியத்திலிருந்து ஐந்துவரை மதிப்பெண் போட வேண்டும். சுழியம் என்றால் தொடர்பில்லாதது. நான்கு மிரட்டல். ஐந்து என்றால் ஆளைத் திரட்டிச் செயலில் இறங்க அழைப்பு. நான் தனியாகப் போடுவேன், ஃபிராங்க்ளின் தனியாகப் போடுவான், பிறகு ஒப்பிடுவோம். நூற்றுக்கு எண்பதாவது ஒத்துப்போனால்தான் ஆய்வு என்று பெயர்.

ஃபிராங்க்ளின் மார்த்தாண்டத்துக்காரன், இருபத்தேழு வயது, இதே துறையில் ஆய்வு மாணவன். மதிப்பெண் கையேடு வெளிநாட்டில் எழுதப்பட்டது. அதன்படி "கொன்னுடுவேன்" என்றாலே நான்கு.

"அப்போ எங்க அம்மை தினமும் எட்டு வாட்டி நாலு வாங்குவாளாக்கும்" என்றான் ஃபிராங்க்ளின். "முதுகுத்தோல உரிச்சி உப்பு தடவுவேன்னு சொல்லிட்டுதான் எனக்கு சோறே போடுவா. இத எதுல சேர்க்க?"

தமிழ்த் தாய்மார்களுக்கென்று கையேட்டில் ஒரு பின்னிணைப்பு சேர்த்தோம். என் நெறியாளர், பேராசிரியர் சென்னியப்பன், நாட்குறிப்பின் அடியில் "பார்க்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்திட்டார். பத்து வினாடிகூட ஆகவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

இடி. சேனையை நடத்துபவர் தளபதி என்று பெயர் வைத்திருக்கிறார். அவர் அறிவித்துவிட்டார்: ஏழு நாள் தொடர்ந்து காலை வணக்கம் போடாதவர்கள் உளவாளிகள், நீக்கப்படுவார்கள்.

வணக்கம் போட்டால் பேச்சு. போடாவிட்டால் வெளியே. அறநெறிக் குழுவுக்கு அவசர மனு எழுதினேன். "வணக்கம் என்பது தலையீடா?" என்று மனுவுக்குத் தலைப்புப் போட்டபோது எனக்கே சிரிப்பு வந்தது.

ஜூன் 24, திங்கள்

அறநெறிக் குழு இரண்டரை மணி நேரம் கூடியது. தீர்மானம்: பூவின் படம் மட்டும் போடலாம். வாசகம் கூடாது. ரோஜா கூடாது, பொருள் கொள்ள இடமுண்டு. தாமரையும் கூடாது, அதற்கும் இடமுண்டு.

ஜூலை 1, திங்கள்

இன்றைய பூ செம்பருத்தி. நாற்பத்தொரு இதயங்கள். என் ஆய்வுக் கட்டுரைகள் அத்தனைக்கும் சேர்த்து இவ்வளவு வரவேற்பு கிடைத்ததில்லை.

ஜூலை 12, வெள்ளி

இதை எப்படி எழுதுவது என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். நேற்று தளபதி அறிவித்தார்: "நமது சேனையில் சண்டை போடாத, கெட்ட வார்த்தை பேசாத, ஒரு நாளும் தவறாமல் ஆறு மணிக்கு வணக்கம் சொல்லும் ஒரே வீரன் காங்கயம் காளை. இன்று முதல் காளையும் அட்மின்."

ஆக, நான் ஆராய வந்த தீவிரவாதக் குழுவுக்கு நானே நிர்வாகி. நீக்கலாம், சேர்க்கலாம், குழுவையே பூட்டலாம். மறுத்தால் பேச வேண்டும், பேசக் கூடாது. ஃபிராங்க்ளின் சிரித்த சிரிப்பில் அவன் நாற்காலியின் சக்கரம் கழன்றுவிட்டது.

பேராசிரியர் வழக்கம்போல் "பார்க்கப்பட்டது" போட்டார். இவர் படிப்பதே இல்லை.

ஜூலை 13, சனி

அட்மின் ஆனதும் தனிச் செய்திகள் வருகின்றன. அனுப்புகிறவர் கொடுவாள். சேனையிலேயே அதிகம் கர்ஜிப்பவர், என் தரவில் மூன்றில் ஒரு பங்கு அவருடையதுதான். குழுவில் தலைகளை உருட்டுகிறவர், தனியாக வந்து இப்படி எழுதுகிறார்:

"அண்ணா வணக்கம். தப்பா நெனைக்காதீங்க. நீங்க போட்ட சங்குப்பூ எங்கூட்டுப் புள்ளைக்கு ரொம்பப் பிடிச்சுது. வேலியில படருமாங்?"

நான் பதில் போடவில்லை.

ஜூலை 17, புதன்

சங்குப்பூ வேலியில் படரும். இதை நான் யாருக்கும் சொல்லவில்லை. பொது அறிவுக்காகக் குறித்து வைக்கிறேன்.

ஜூலை 20, சனி

கொடுவாளின் பெயர் தண்டபாணி. திருப்பூரில் ஒரு கம்பெனியில் பத்து வருடம் டெய்லர். பிப்ரவரியில் அவருடைய மிஷினை ஒரிசாக்காரப் பையனுக்குக் கொடுத்துவிட்டு இவரை அனுப்பிவிட்டார்கள். அனுப்பிய முதலாளி இந்த ஊர்க்காரர். ஆனால் தண்டபாணிக்கு முதலாளி மீது கோபம் வரவில்லை, அந்தப் பையன் மீதுதான் வந்தது. மகள் பெயர் வர்ஷினி, நாலு வயது. மனைவி நாத்தனார் வீட்டுக் கல்யாணத்தில் சேலைக்காகச் சண்டை போட்டு அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

இவையெல்லாம் தானாகத் தெரியவந்தவை. நான் கேட்டதாக யாரும் நினைக்க வேண்டாம்.

ஜூலை 24, புதன்

சரி. கேட்டேன்.

மத்தியானம் எழுதினார்: "அண்ணா புள்ளைக்கு நூத்தி மூணு காச்சல். ஒடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. கைகால் ஓடலீங்ணா." பார்வையாளர் பேசக் கூடாது. இருபது நிமிடம் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, இருபது நிமிடம். பிறகு, ஈரத்துணியால் துடையுங்கள், உடனே அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்று போட்டேன். சாயங்காலம்வரை அரை மணிக்கு ஒருமுறை விசாரித்தேன். ஏழு மணிக்கு "எறங்கிருச்சுங்ணா. பால் குடிச்சா" என்று வந்தது. நான் அழுதேன். ஆய்வு முறையியலில் இதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை.

இன்றைக்கும் குழுவில் கொடுவாள் ஒரு செய்தி போட்டிருந்தார். "ஒருத்தனையும் விடக் கூடாது." மதிப்பெண் மூன்று.

ஜூலை 26, வெள்ளி

மேலே எழுதியதைக் கிழிக்கலாமா என்று யோசித்தேன். பேராசிரியர் இதைப் படிப்பதில்லை என்பதைச் சோதிக்க ஒரு வரி எழுதுகிறேன்: பேராசிரியர் புதிதாக எடுத்திருக்கும் பச்சைச் சட்டை அவருக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை.

"பார்க்கப்பட்டது."

ஜூலை 29, திங்கள்

பேராசிரியர் வெள்ளைச் சட்டையில் வந்தார்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

இன்றும் வெள்ளைச் சட்டை. இன்றும் "பார்க்கப்பட்டது." வேறு ஒரு சொல் இல்லை. ஜூலை 24ஐ அவர் கண்ணால் ஒருமுறை படித்துப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

சேனையில் இரண்டு நாளாக ஒரு காணொளி சுற்றுகிறது. யாரோ ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அது ஏதோ ஒரு நாட்டில் எடுத்த நாடகம், நாலு வருடம் பழையது. கீழே "நம் திருப்பூரில், வடமாநிலத்துக்காரர்கள்" என்று எழுதிப் பரப்புகிறார்கள்.

இன்று காலை தளபதி போட்ட செய்தி: "ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ராக்கியப்பன் காம்பவுண்டு முன்பு அனைவரும் தவறாது வரவும். கைக்கு அடக்கமாக ஏதாவது கொண்டு வரவும். டீ உண்டு."

அந்தக் காம்பவுண்டில் இருபது லைன் வீடுகள். வடக்கேயிருந்து வந்த அறுபது பேர், குழந்தைகளோடு இருக்கிறார்கள். போன வருடம் பக்கத்து ஊரில் இப்படி ஒரு கூட்டம் கூடி, ஒரு தொழிலாளிக்கு இரண்டு கையும் முறிந்தது.

நான் ஐந்து போட்டேன். ஃபிராங்க்ளின் சுழியம் போட்டிருந்தான்.

"இது சர்ச்சு அசன விருந்துக்கு விளிக்கிற மாதிரில்லா இருக்கு அக்கா" என்றான். "ஒரு கெட்ட வார்த்தை உண்டுமா? கொல்லுவேன், வெட்டுவேன்னு ஏதாவது உண்டுமா?"

"அதனாலதான் பயமா இருக்குது. வெட்டுவேன்னு சொல்றவன் எவன்டா டீக்கு ஏற்பாடு பண்ணிப்போட்டு சொல்றான்?"

அவன் இன்னொரு முறை படித்தான். கைக்கு அடக்கமாக என்ற இடத்தில் நிறுத்தினான். சுழியத்தை அடித்து ஐந்து போட்டான். பிறகு உட்கார்ந்து எண்ணினோம். வருவதாகக் கட்டைவிரல் காட்டியவர்கள் ஐம்பத்து மூன்று பேர். முதல் கட்டைவிரல் கொடுவாளுடையது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பேராசிரியரிடம் ஓடினேன். ஆபத்து நெருங்கினால் காவல்துறைக்குத் தகவல் சொல்லலாம், விதி பதினான்கு. அவரே தொலைபேசியில் பேசினார். அந்தப் பக்கம் பேசியது எனக்கும் கேட்டது.

"மொத்தம் எத்தனை பேருங்க சார்?"

"முன்னூத்திப் பதினாறுங்க."

"அதுல காலை வணக்கம் மட்டும் போடறவங்க எத்தனைங்க?"

ஒரு ஜீப்பும் இரண்டு கான்ஸ்டபிள்களும் அனுப்புவதாகச் சொன்னார்கள். ஐம்பத்து மூன்று பேருக்கு இரண்டு பேர்.

"நான் அட்மினுங்க சார். கூட்டம் ரத்துன்னு ஒரு வரி போட்டாப் போதும்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "போலீசுக்குச் சொல்றது தகவல். அங்க போடறது பேச்சு. பேசுனீன்னா ஆய்வு போச்சு அம்மிணி. நாளைக்கு கமிட்டி கேட்டா நான் காப்பாத்த முடியாது."

"நான் ஏற்கெனவே பேசியிருக்கறனுங்க சார்."

"அந்தப் புள்ளைக்கு காச்சல் விட்டுதான்னு கேட்கலாம்னு ரெண்டு வாரமா இருக்கறேன்" என்றார். "கேட்டா நான் படிச்சேன்னு ஆயிரும். படிச்சா நடவடிக்கை எடுக்கோணும். அதான் பார்க்கப்பட்டதுன்னே போட்டுட்டு இருக்கறேன்."

ஆகஸ்ட் 10, சனி

மாலை ஐந்து மணிக்குப் போட்டேன். "நாளைய கூட்டம் ரத்து. யாரும் வர வேண்டாம். - அட்மின் காளை." போட்டு, அட்மின்கள் தவிர யாரும் எழுத முடியாதபடி குழுவைப் பூட்டினேன். மூன்று வருடம் ஒரு வரியில் போயிற்று.

தளபதி கொதித்து வருவார் என்று காத்திருந்தேன். அரை மணி கழித்துத் தனிச் செய்தி வந்தது: "நல்லவேளை காளை. நாளைக்கு எங்கூட்டுக்குப் பொண்ணு பார்க்க வர்றாங்க. கூட்டத்த எப்படி நிறுத்தறதுன்னு தெரியாம முழிச்சிட்டிருந்தேன்."

முந்நூற்றுப் பத்துப் பேர் பார்த்துவிட்டார்கள். கொடுவாள் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ராக்கியப்பன் காம்பவுண்டுக்கு எதிரே ஒரு பேக்கரி. ஒன்பதரைக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். ஆய்வாளர் களத்துக்கு நேரில் போகக் கூடாது என்பதும் ஒரு விதி. இனி விதிகளை எண்ணுவதில் பயனில்லை.

ஜீப் வேப்பமர நிழலில் நின்றது. காம்பவுண்டுக்குள் ஞாயிற்றுக்கிழமைத் துணிகள் காய்ந்தன. ஒரு பெண் வாசலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். பத்து மணி ஆயிற்று. யாரும் வரவில்லை.

பத்து ஐந்துக்கு ஒரு மொபெட் வந்தது. ஒல்லியான ஆள், முப்பத்தைந்து வயது இருக்கும், இஸ்திரி போட்ட சட்டை. கையில் செய்தித்தாள் சுற்றிய ஏதோ நீளமான ஒன்று. சுற்றுமுற்றும் பார்த்தார். பேக்கரிக்கு வந்தார்.

"வாங்க தண்டபாணி, ஆளையே காணோம்" என்றார் கடைக்காரர்.

"இங்க ஒரு அம்பது பேரு வர்றதா இருந்துதுங்களே, வந்தாங்களாங்?"

"அம்பது பேரா? அம்பது டீகூட ஓடலைங்க இன்னிக்கு."

அவர் என் எதிரே உட்கார்ந்து கைப்பேசியைத் தட்டினார். "நெட்டு வேற தீந்து போச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். காலர் தேய்ந்த இடத்தில் அழகாகத் தையல் போட்டிருந்தது. அவரே போட்டிருக்க வேண்டும். கூட்டம் ரத்து என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம், அதற்குத்தான் வந்தேன். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"வர்ஷினிக்கு மறுபடி காய்ச்சல் வரலீங்களே?"

அவர் கையில் இருந்த டீ அப்படியே நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தார். சேலையை, கைப்பையை, கழுத்தில் மறந்துபோய் மாட்டியிருந்த பல்கலைக்கழக அட்டையை. மிக மெதுவாகக் கேட்டார்.

"காளையண்ணனா?"

நான் தலையாட்டினேன். சொன்னேன், எல்லாவற்றையும். ஆய்வு, மதிப்பெண், சுழியம் முதல் ஐந்து. சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கியது.

"அண்ணான்னு கூப்பிட்டனேங்க" என்றார். "அன்னிக்கு அரை மணிக்கு ஒருக்கா எப்படி இருக்குதுன்னு கேட்டீங்களே. அதும் ஆராய்ச்சிதானுங்களா?"

இல்லை என்றேன். நம்புவதற்கு நான் ஒரு காரணமும் கொடுத்திருக்கவில்லை.

அப்போது கான்ஸ்டபிள் டீ குடிக்க வந்தார். செய்தித்தாள் சுருளைப் பார்த்தார். "என்னப்பா கையில?"

தண்டபாணி எழுந்து நின்றார். செய்தித்தாள் விலகி ஒரு மர முனை தெரிந்தது.

"ஸ்டம்புங்க சார். கிரிக்கெட் வெளையாட" என்றேன். உண்மையில் அது ஸ்டம்புதான்.

"ஒத்த ஸ்டம்ப வெச்சு என்னம்மா மேட்சு?"

"மத்தவங்க வரலீங்க சார்" என்றார் தண்டபாணி. டீக்குக் காசு கொடுத்தார், எனக்கும் சேர்த்து. மொபெட்டைக் கிளப்பிப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 14, புதன்

அறநெறிக் குழு விசாரணை. ஃபிராங்க்ளின் சாட்சி சொன்னான்: "அக்கா அந்த வரிய போடலேன்னா நாங்க இப்ப அறுபது பேருக்க காயத்துக்கு மதிப்பெண் போட்டுட்டு இருப்போமாக்கும்." பேராசிரியர் பச்சைச் சட்டையில் வந்து, பொறுப்பு தன்னுடையதும்தான் என்றார்.

தீர்ப்பு: ஆகஸ்ட் பத்துக்குப் பிந்தைய தரவு செல்லாது. கொடுவாளோடு நான் பழகிவிட்டதால் அவருடைய நானூற்றுப் பன்னிரண்டு செய்திகளை அவர் கையெழுத்திட்டு ஒப்பினால் மட்டுமே பயன்படுத்தலாம். மறுத்தால் அழிக்க வேண்டும். அவை போனால் ஆய்வேடு நிற்காது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பத்து நாளாகக் கடிதம், அழைப்பு எதற்கும் பதில் இல்லை. நேற்று "பேக்கரிக்கு வாங்க" என்று ஒரு வரி வந்தது.

அவருடைய செய்திகளை அச்சடித்த கட்டைக் கொடுத்தேன். படித்தார். நானூற்றுப் பன்னிரண்டையும், விரலை வைத்து, ஒன்றுவிடாமல். ஒன்றரை மணி நேரம். ஓரத்தில் நான் போட்டிருந்த எண்களையும் பார்த்தார்.

"இதுக்கு ரெண்டுதானுங்களா? நல்லாக் காட்டமாத்தான எழுதியிருக்கறேன்."

"பாதியில வாக்கியம் மாறிப்போச்சுங்க."

"ஓ" என்றார். மேலே படித்தார். இன்னோரிடத்தில் நின்றார். "இத நானா எழுதினேன்?" பக்கத்தைத் திருப்பினார். முடித்துவிட்டுக் கட்டைத் தட்டிச் சீராக்கி வைத்தார்.

"ஒண்ணு சொல்றனுங்க. வடக்கத்திக்காரனுகமேல கோவம் போயிருச்சுன்னு எழுதிராதீங்க. போவுல. கம்பெனி வாசல்ல அந்தப் பையனைப் பார்த்தா இன்னும் வயிறு எரியுது."

"எழுதலீங்க."

படிவத்தில் கையெழுத்திட்டார். தண்டபாணி என்று முழுதாக, நிறுத்தி. என் மூன்று வருடம் திரும்பி வந்தது. நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"நான் தனியா அனுப்புனது எங்கீங்க?"

இந்த நோட்டில் எழுதி வைத்திருப்பதைச் சொன்னேன். சங்குப்பூ, நாத்தனார் வீட்டுக் கல்யாணம், காய்ச்சல்.

"அது வேண்டாங்க. எங்கயும் வரக் கூடாது. குழுவுல போட்டது ஊருக்குப் போட்டது, யாரு வேணா படிச்சுக்கட்டும். இது காளையண்ணனுக்குச் சொன்னது."

"காளையண்ணன் நான்தானுங்களே" என்றேன்.

"இல்லீங்க" என்றார். கோபமே இல்லாமல், வழி தெரியாமல் கேட்டவருக்கு வழி சொல்வதுபோல. "நீங்க வேற, அவரு வேற. அவரு நல்ல மனுசனுங்க."

அந்தப் பக்கங்கள் ஆய்வேட்டில் வராது. இந்த நோட்டையும் இனி வெள்ளிக்கிழமை கொண்டுபோக மாட்டேன். கோயம்புத்தூர் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவிநாசி தாண்டும்வரை அழுதுகொண்டே வந்தேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக, இல்லாத ஒரு ஆள்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.